ஆபீஸ் வேலைல இருந்துக்கிட்டே சொந்தமா ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்: முதல் கமிட்டுக்கு முன்னாடி என்னென்ன செய்யணும்

ஐடி கம்பெனில வேலை பாத்துக்கிட்டு ராத்திரி, சனி ஞாயிறுன்னு சொந்தமா ஏதாவது எழுதி ஓப்பன் சோர்ஸா (கோட எல்லாரும் பாக்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம்னு திறந்து விடுறது) கிட்ஹப்ல, அதாவது கோட் பகிர்ற தளத்துல, போடணும்னு நினைக்கிறவங்களுக்கு இது. ஜூனியர்ஸ் கூட உக்காந்து இந்த வேலைய பல தடவை செஞ்சிருக்கேன். பெரும்பாலும் தடுக்கி விழுற இடம் ஒண்ணுதான்: கோட் எழுதி, கிட்ஹப்ல ஸ்டார் (லைக் மாதிரி) விழுந்து, நாலு கம்பெனிக்காரங்க யூஸ் பண்ண ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் ஆஃபர் லெட்டர் எங்க வச்சோம்னு தேடுறாங்க. பேப்பர் முதல்ல, பர்மிஷன் அடுத்து, கோட் கடைசில. இந்த வரிசை மாறுனா சரி பண்றது பெரிய தலைவலி.

இந்தியால, சம்பளத்துக்கு வேலை பாக்குறவங்கள மனசுல வச்சுதான் எழுதுறேன். நான் வக்கீல் கிடையாது. உங்க ப்ராஜெக்ட்ல நிஜமாவே காசு புரள ஆரம்பிச்சா ஒரு வக்கீல்ட்ட காட்டிருங்க.

## 1. சட்டம் என்ன சொல்லுதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

1957 காப்பிரைட் சட்டப்படி கம்ப்யூட்டர் ப்ரோக்ராமும் ஒரு இலக்கியப் படைப்புதான். கதை எழுதுறவருக்கு என்ன விதியோ அதேதான் கோட் எழுதுறவருக்கும். எழுதுனவர்தான் முதல் உரிமையாளர். ஆனா 17-வது பிரிவுல (சி)-ன்னு ஒரு விதிவிலக்கு இருக்கு: சம்பள வேலைல, அந்த வேலையோட போக்குல எழுதுனது முதலாளிக்கு சொந்தம், வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல.

இதுல மூணு விஷயம் கவனிங்க. "வேலையோட போக்குல"ங்கறதுதான் அளவுகோல், ஆபீஸ் நேரம் 9ல இருந்து 6ங்கறது சட்டத்துல எங்கயும் இல்ல. ரெண்டாவது, இது சம்பள ஆளுக்கு மட்டும். ஃப்ரீலான்ஸரா இன்வாய்ஸ் போட்டு வேலை செய்றவர் தனியா எழுதிக் குடுக்காத வரைக்கும் கோட் அவரோடதுதான். மூணாவது, "வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல". இந்த வார்த்தை ரெண்டு பக்கமும் வெட்டும், கம்பெனி இத வச்சு உங்ககிட்ட இருந்து கூடுதலா எழுதி வாங்கலாம், நீங்களும் இத வச்சு "இந்த ப்ராஜெக்ட் மட்டும் என்னோடது"ன்னு எழுதி வாங்கலாம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ரெண்டாவத வாங்குறது எப்படின்னுதான்.

நீதிமன்றம் இத எப்படி பாத்துச்சுன்னு தெரிஞ்சுக்க 1988 கேரள ஹைகோர்ட் வழக்கு ஒண்ணு இருக்கு. டாம்ஸ்ங்கற கார்ட்டூனிஸ்ட் போபன், மோளின்னு ரெண்டு கேரக்டர வேலைக்கு சேர்றதுக்கு முன்னாடியே உருவாக்கியிருந்தார், அப்புறம் மலையாள மனோரமால சேர்ந்து வருஷக்கணக்கா அதையே வரைஞ்சார், வேலைய விட்டதும் அந்த கேரக்டர் யாருக்குன்னு சண்டை. வேலைல இருந்தப்ப வரைஞ்சது பத்திரிகைக்கு, வெளிய வந்து புதுசா வரையிறத தடுக்க முடியாதுன்னு கோர்ட் சொல்லிச்சு. சேர்றதுக்கு முன்னாடியே இருந்த ஒரு விஷயத்துக்கு எவ்ளோ மதிப்புன்னு இதுல தெரியுது, 4-வது ஸ்டெப்புல அது நமக்கு உதவும்.

## 2. கையெழுத்து போட்ட எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல சேருங்க

ஆஃபர் லெட்டர் மட்டும் பத்தாது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், ரகசியக் காப்பு ஒப்பந்தம், தனியா அறிவுசார் சொத்து ஒப்பந்தம் இருந்தா அது, எம்ப்ளாயி ஹேண்ட்புக், கோட் ஆஃப் காண்டக்ட், ஓப்பன் சோர்ஸ் பாலிசி, வெளிவேலை பாலிசி. எல்லாம் வேணும்.

பலரும் மறக்குறது எச்ஆர் போர்ட்டல்ல வருஷா வருஷம் "படிச்சேன், ஒத்துக்குறேன்"னு டிக் போடுற பாலிசிங்க. சேர்ந்த நாள்ல ஒண்ணு இருக்கும், இப்ப ஓடிக்கிட்டு இருக்குறது வேற வெர்ஷனா இருக்கும். இன்னைக்கு அமல்ல இருக்குறத டவுன்லோட் பண்ணி தேதியோட வைங்க. டவுன்லோட் பண்ணவே விடாத போர்ட்டல்னா எச்ஆர்கிட்ட காப்பி கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

## 3. எந்த வரியத் தேடிப் படிக்கணும்

முழுசா படிக்க பொறுமை இல்லாதவங்க இந்த நாலு இடத்தையாவது பென்சிலால கோடு போட்டு படிங்க.

காலம். "வேலையோட போக்குல உருவாக்குனது"ன்னு இருந்தா சட்டத்துல இருக்குற அளவுதான், பரவால்ல. "வேலைல இருக்குற காலம் முழுக்க உருவாக்குனது"ன்னு இருந்தா உங்க ஞாயித்துக்கிழமையும் அதுல அடக்கம்னு கம்பெனி வாதாடலாம். "ஆபீஸ் நேரத்திலோ வெளியிலோ"ன்னு சேர்த்து எழுதியிருந்தா வாதாடவே வேணாம், நேராவே சொல்லிட்டாங்க.

சம்பந்தம். "கம்பெனியோட தொழிலுக்கு சம்பந்தப்பட்டது"ன்னு ஒரு வரம்பு இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்த தொழில் யாரோடது? கம்பெனி மட்டுமா, துணைக் கம்பெனிகளும் சேர்த்தா, க்ளையன்ட்டும் சேர்த்தா?

கொடுக்கும் விதம். "இதன் மூலம் ஒப்படைக்கிறேன்"னு இருக்கா, "ஒப்படைக்க சம்மதிக்கிறேன்"னு இருக்கா? முதல்ல சொன்னதுல கோட் பிறந்த உடனே கை மாறிரும், ஏன்னா இனிமே எழுதப்போற படைப்பையும் இப்பவே ஒப்படைக்கலாம், படைப்பு உருவானதும் அது செல்லும்னு சட்டத்தோட 18-வது பிரிவுல இருக்கு. ரெண்டாவதுல இன்னொரு கையெழுத்து பாக்கி இருக்கும்.

வால். வேலைய விட்டதுக்கு அப்புறமும் ஆறு மாசம், ஒரு வருஷம்னு இழுக்குற வரி இருக்கான்னு பாருங்க. ராஜினாமா பண்ணிட்டு ப்ராஜெக்ட் ஆரம்பிக்கலாம்னு இருக்கவங்க இங்கதான் மாட்டுவாங்க.

இந்த இடத்துல சில பேர் நெட்ல படிச்சுட்டு ஒரு ஓட்டை கண்டுபிடிச்ச மாதிரி வருவாங்க: 19-வது பிரிவுப்படி ஒப்படைப்புல காலம் எழுதலேன்னா அஞ்சு வருஷம்தான், எல்லை எழுதலேன்னா இந்தியா மட்டும்தான். உண்மைதான். ஆனா கம்பெனி வக்கீலும் அதப் படிச்சவர்தானே, "உலகம் முழுவதும், நிரந்தரமாக"ன்னு உங்க ஒப்பந்தத்துல இருக்கான்னு பாருங்க, அனேகமா இருக்கும்.

இன்னொண்ணு கலிஃபோர்னியா. சொந்த நேரத்துல, சொந்த மெஷின்ல, கம்பெனி தொழிலுக்கு சம்பந்தமில்லாம உருவாக்குனத கம்பெனி எடுக்க முடியாதுன்னு அங்க தொழிலாளர் சட்டம் 2870-வது பிரிவு சொல்லுது. அமெரிக்க ப்ரோக்ராமர்ஸ் எழுதுறதப் படிச்சுட்டு அது நமக்கும் உண்டுன்னு நம்ம பசங்க நம்புறாங்க. சென்னை ஓஎம்ஆர்ல உக்காந்து வேலை பாக்குறவருக்கு அது செல்லாது. எச்1பி விசால அங்க போய் சேர்றவங்க மட்டும் அத தனியா படிச்சுக்கோங்க.

## 4. புதுசா சேர்றீங்கன்னா பழைய ப்ராஜெக்ட் லிஸ்ட்டக் குடுங்க

பல ஒப்பந்தத்துல கடைசிப் பக்கத்துல ஒரு அட்டவணை இருக்கும், "சேர்வதற்கு முன் நீங்கள் உருவாக்கியவை"ன்னு. சேர்ற அவசரத்துல எல்லாரும் "இல்லை"ன்னு எழுதி கையெழுத்து போட்டுருவாங்க. அப்புறம் காலேஜ்ல எழுதுன லைப்ரரிக்கே ஆதாரம் தேடி அலையணும்.

அதுல ப்ராஜெக்ட் பேரு, ரெபோ (ப்ராஜெக்ட் கோட் இருக்குற இடம்) லிங்க், முதல் கமிட் (கோட் மாத்தத்த பதிஞ்சு வைக்கிறது) தேதி, ஒரு வரி விளக்கம், லைசன்ஸ் எழுதுங்க. பாதில நிக்கிறதையும் எழுதுங்க, ஐடியா லெவல்ல இருக்குறத எழுதாதீங்க, காப்பிரைட் எழுதுனதுக்குதான், ஐடியாவுக்கு கிடையாது. அட்டவணையே இல்லேன்னா தனி தாள்ல எழுதி எச்ஆருக்கு மெயில் போட்டு, கிடைச்சதுன்னு பதில் வாங்கிக்கோங்க.

லிஸ்ட்ல போட்டதால சேர்ந்த பிறகு அதே ரெபோல எழுதுற புது கோடும் தானா உங்களோடதுன்னு நினைச்சுக்காதீங்க. "இதைத் தொடர்ந்து மேம்படுத்துவேன், அதுவும் என்னுடையதே"ன்னு ஒரு வாக்கியம் சேர்த்து கேளுங்க. அந்த ஒரு வாக்கியத்துக்கு சேர்றதுக்கு முன்னாடி சரின்னு சொல்ற எச்ஆர், சேர்ந்த பிறகு லீகல் டீமுக்கு அனுப்புறேன்னுவாங்க.

## 5. ஐடியாவ கம்பெனி தொழிலோட வச்சுப் பாருங்க

"சொந்த லேப்டாப், ஞாயித்துக்கிழமை, அப்ப என்னோடதுதான்". அதிகமா கேக்குற வாதம் இதுதான், பாதிதான் சரி. லேப்டாப்பும் கிழமையும் உங்களுக்கு உதவுற ஆதாரம், முடிவு பண்றது வேற.

பேரோல் சாஃப்ட்வேர் விக்கிற கம்பெனில பேரோல் டீம்ல இருக்குற ஒருத்தர் ஞாயித்துக்கிழமை பிஎஃப் கணக்கு போடுற லைப்ரரி எழுதுறார்னு வைங்க. மெஷின் அவரோடது, நேரம் அவரோடது, ஆனா அந்த விதிகள அவர் கத்துக்கிட்டது வேலைல, கம்பெனி ப்ராடக்ட்டும் அதேதான். இத என்னோடதுன்னு நிரூபிக்கிறது கஷ்டம். அதே ஆள் தமிழ் எழுத்துப்பிழை திருத்தி எழுதுனா கதையே வேற.

சர்வீஸ் கம்பெனில இருக்குறவங்களுக்கு இங்க ஒரு சிக்கல் கூடுதல். பேங்க், இன்ஷூரன்ஸ், ரீடெய்ல், ஆஸ்பத்திரின்னு எல்லா க்ளையன்ட்டுக்கும் எல்லா வேலையும் செய்ற கம்பெனிக்கு "சம்பந்தமில்லாத தொழில்"னு ஒண்ணு பேப்பர்ல இருக்கவே இருக்காது. அவங்க கண்டிப்பா அடுத்த ஸ்டெப்ப தாண்டக் கூடாது.

## 6. பர்மிஷன் எழுத்துல வாங்குங்க

டீ குடிக்கிறப்ப மேனேஜர் "தாராளமா பண்ணுப்பா"ன்னு சொன்னது பர்மிஷன் கிடையாது. அவர் அடுத்த வருஷம் வேற கம்பெனில இருப்பார். அதுக்கும் மேல, ஒப்பந்தப்படி உரிமை ஏற்கனவே கம்பெனிக்கு போயிருந்தா, அது உங்களுக்கு திரும்பி வரணும்னா எழுத்துல, அந்த அதிகாரம் உள்ளவர் கையெழுத்தோட வரணும்னு அதே 19-வது பிரிவு சொல்லுது. டீம் லீடுக்கு அந்த அதிகாரம் இருக்காது. எச்ஆர், லீகல் அல்லது கம்ப்ளையன்ஸ், ஓப்பன் சோர்ஸுக்குன்னே ஒரு ஆபீஸ் இருந்தா அவங்க. மேனேஜர காப்பில வைங்க, அவருக்கு தெரியாம மேல போனா அவரே முட்டுக்கட்டை போடுவார்.

மெயில்ல "நான் ஓப்பன் சோர்ஸ் பண்ணலாமா?"ன்னு பொதுவா கேக்காதீங்க. "பாலிசிக்கு உட்பட்டு பண்ணலாம்"னு பதில் வரும், அத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. இப்படி குறிப்பா எழுதுங்க (எம்ஐடின்னா யார் வேணா கோட பயன்படுத்தலாம்னு விடுற ஒரு ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸ்):

"இந்தப் பேரில் ஒரு ப்ராஜெக்ட் ஆரம்பிக்க இருக்கிறேன். தமிழ் உரைகளில் எழுத்துப்பிழை கண்டுபிடிப்பது இதன் வேலை. வேலை நேரத்துக்கு வெளியே, சொந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் எழுதுவேன். கம்பெனியின் கோட், டேட்டா, க்ளையன்ட் தகவல் எதையும் பயன்படுத்த மாட்டேன். எம்ஐடி லைசன்ஸில் வெளியிடுவேன். இந்த ப்ராஜெக்ட்டிலும் இதன் பின்னாளைய வெர்ஷன்களிலும் கம்பெனிக்கு உரிமைகோரல் இல்லை என்பதை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டுகிறேன்."

அந்த கடைசி வரிதான் மெயிலோட உயிர். "வெளியிட அனுமதி" வேற, "உரிமைகோரல் இல்லை" வேற. முதல் மாதிரி பதில் வந்தா கோட் இன்னும் கம்பெனியோடதா இருக்கலாம், வெளியிட மட்டும் விட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

பதில் வரலேன்னா மௌனம் சம்மதம்னு எடுத்துக்காதீங்க. எச்ஆர் போர்ட்டல்ல டிக்கெட் போடுங்க, டிக்கெட்டுக்கு நம்பர் இருக்கு, யாராவது ஒருத்தர் மூடியே ஆகணும். எச்ஆர்கிட்ட மாதிரி பேப்பர் எதுவும் இல்லேன்னா கிட்ஹப் கம்பெனி 2017ல தன் ஊழியர்களுக்கான சொத்துரிமை ஒப்பந்தத்த எல்லாரும் எடுத்துக்குற மாதிரி பொதுவுல வெளியிட்டுச்சு, அத அனுப்பி வைங்க. அப்படியே ஏத்துக்க மாட்டாங்க, ஆனா நீங்க ஏதோ புதுசா கேக்கலேன்னு புரியும்.

பதில எங்க வைக்கிறதுங்கறதும் முக்கியம். ஆபீஸ் மெயில்ல மட்டும் இருந்தா கடைசி நாள் சாயங்காலம் அக்கவுன்ட்ட மூடுறப்ப அதுவும் போயிரும். அதுக்காக ஆபீஸ் மெயில பர்சனல் ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் பண்ணா அதுவே பாலிசி மீறல்னு அலர்ட் அடிக்கலாம். அதனால முதல் மெயில்லயே உங்க பர்சனல் ஐடிய காப்பில போட்டு, ஏன்னும் ஒரு வரி எழுதிருங்க, இல்ல லெட்டரா குடுங்கன்னு கேளுங்க.

## 7. ரெண்டு உலகத்தையும் பிரிச்சு வைங்க

பர்மிஷன் வந்தாச்சுன்னா இனிமே நீங்க எழுதிக் குடுத்தபடி நடந்துக்கணும். ஆபீஸ் லேப்டாப்ல ப்ராஜெக்ட்ட க்ளோன் (காப்பி எடுக்குறது) கூட பண்ணாதீங்க, ஆபீஸ் விபிஎன், வைஃபை வேணாம், ஆபீஸ் வாங்கிக் குடுத்த ஐடிஇ லைசன்ஸ் வேணாம். இப்ப புதுசா சேர்ந்திருக்குற சிக்கல் கோபைலட் மாதிரி ஏஐ டூல்ங்க, ஆபீஸ் அக்கவுன்ட்ல லாகின் ஆயிருக்குறத அப்படியே சொந்த ப்ராஜெக்ட்டுக்கும் ஓட்டுறாங்க. அது கம்பெனி காசு கட்டுற வசதி, கம்பெனி வளத்த பயன்படுத்தலேன்னு எழுதிக் குடுத்த வரி அங்கயே பொய்யாயிரும்.

கிட்னா கோட் மாத்தங்கள பதிஞ்சு வைக்கிற டூல், அதோட செட்டிங்ல ஒரு பொறி இருக்கு. சொந்த லேப்டாப்ல எப்பவோ ஒரு நாள் ஆபீஸ் வேலை பாக்க க்ளோபல் கான்ஃபிக்ல ஆபீஸ் மெயில் ஐடிய போட்டிருப்பீங்க. அதுக்கப்புறம் நீங்க போடுற ஒவ்வொரு சொந்த கமிட்டும் ஆபீஸ் மெயிலோட பதிவாகும், புஷ் பண்ணா (கிட்ஹப்புக்கு ஏத்துனா) உலகமே பாக்கும். முதல் கமிட் போட்ட உடனே கிட் லாக் பாத்து ஆத்தர் வரில என்ன மெயில் இருக்குன்னு பாருங்க. ரெண்டும் ஒரே மெஷின்ல வேணும்னா ஃபோல்டருக்கு ஏத்த மாதிரி மெயில மாத்துற இன்க்ளூட்இஃப்னு ஒரு வசதி கிட் கான்ஃபிக்லயே இருக்கு.

அதே லாக்ல நேரமும் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலைல 11:40, பக்கத்துல +0530, அதாவது இந்திய நேரம். ஆபீஸ் நேரத்துல கமிட் போட்டா அது உங்களுக்கு எதிரான சாட்சி. லீவ் நாள்ல போட்டிருந்தா லீவ் ரெக்கார்ட வச்சிருங்க. தேதிய மாத்தி எழுதுறது கிட்ல சுலபம்தான், செய்யாதீங்க, உண்மையான கமிட்டுங்க மேலயும் சந்தேகம் வரும்.

## 8. லைசன்ஸ் ஃபைல்

லைசன்ஸ் குடுக்குறதுக்கு முதல்ல உரிமை வேணும். கோட் கம்பெனியோடதுன்னு ஆனா நீங்க போட்ட எம்ஐடி ஃபைல் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான், அத நம்பி யூஸ் பண்ண எல்லாரும் உங்களோட சேர்ந்து மாட்டுவாங்க. அப்பாச்சி 2.0 லைசன்ஸ்லயே லைசன்ஸ் குடுக்குறவர்னா காப்பிரைட் ஓனர் இல்ல அவர் அனுமதி பெற்றவர்னுதான் வரையறை.

காப்பிரைட் வரில வருஷமும் உங்க பேரும். கம்பெனி "வெளியிடலாம், உரிமை எங்களது"ன்னு சொல்லியிருந்தா கம்பெனி பேருதான் போடணும். அது கௌரவக் குறைச்சல்னு நினைச்சு சொந்தப் பேர போடுறவங்க உண்டு, அது பொய் அறிவிப்பு.

## 9. அடுத்தவங்க ப்ராஜெக்ட்டுக்கு பேட்ச் அனுப்பும்போது

சின்ன பேட்ச் (அவங்க கோட்ல நாம பண்ணி அனுப்புற திருத்தம்) தானேன்னு இதுல யாரும் யோசிக்கிறதில்ல. லினக்ஸ்ல தன்னோட யூனிக்ஸ் கோட் இருக்குன்னு எஸ்சிஓங்கற கம்பெனி போட்ட வழக்குக்கு அப்புறம், லினக்ஸ் கெர்னல்ல 2004ல டிசிஓன்னு (டெவலப்பர் சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின்) ஒண்ணு கொண்டு வந்தாங்க, கமிட்டுக்கு கீழ "சைன்ட்-ஆஃப்-பை"ன்னு உங்க பேர் வர்றது அதுக்குதான். அந்த வரிக்கு அர்த்தம் "இத அனுப்ப எனக்கு உரிமை இருக்கு"ன்னு நீங்க சான்று குடுக்குறீங்க. கம்பெனி ஒப்பந்தத்தப் படிக்காம அந்த வரிய போட்டா பொறுப்பு உங்க தலைல.

அப்பாச்சி ஃபவுண்டேஷன் தனிநபர் ஒப்பந்தத்துல இத இன்னும் நேராவே கேப்பாங்க: உங்க முதலாளிக்கு உரிமை இருந்தா, அவர் அனுமதி குடுத்திருக்கார், இல்ல விட்டுக்குடுத்திருக்கார், இல்ல கம்பெனியே தனியா கையெழுத்து போட்டிருக்குன்னு நீங்க உறுதி சொல்லணும். 6-வது ஸ்டெப்ல வாங்குன லெட்டர் ஒரு ப்ராஜெக்ட்டுக்கு மட்டும்னா இதுக்கு தனியா கேக்கணும்.

உங்க ரெபோக்கு மத்தவங்க பேட்ச் அனுப்புறப்பவும் இதே நியாயம்தான். அவங்களுக்கும் ஒரு முதலாளி இருக்கார். முதல் நாள்லயே டிசிஓ கட்டாயம்னு வச்சிருங்க, பின்னாடி ஒவ்வொருத்தரா தேடிப் போய் கேக்க முடியாது.

## 10. காசு வர ஆரம்பிச்சா

ஸ்பான்சர் பட்டன் போட்ட அன்னைக்கு இது பொழுதுபோக்குல இருந்து வெளிவேலை பாலிசிக்குள்ள வந்துரும். 2022 செப்டம்பர்ல போட்டிக் கம்பெனிக்கு வேலை பாத்தாங்கன்னு 300 பேர நீக்குனதா விப்ரோ சொல்லிச்சு. அதே வருஷம் அக்டோபர்ல இன்ஃபோசிஸ், மேனேஜரும் எச்ஆரும் முன்கூட்டியே ஒத்துக்கிட்டா வெளிய சின்ன வேலை செய்யலாம்னு ஊழியர்களுக்கு மெயில் அனுப்பிச்சு. கம்பெனிக்கு கம்பெனி வேற, அதனால உங்க பாலிசியப் பாருங்க.

ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவு எங்களக் காப்பாத்தும்னு சில பேர் சொல்லுவாங்க. தொழில் செய்யக் கூடாதுன்னு போடுற தடை செல்லாதுங்கறது வேலைய விட்ட பிறகுதான் பெரும்பாலும் உதவும். வேலைல இருக்குறப்ப வேற இடத்துல வேலை பாக்கக் கூடாதுங்கற நிபந்தனை செல்லும்னு 1967லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. ஸ்பான்சர் காச வருமான வரி ரிட்டர்ன்ல காட்டுங்க, அதுல ஒளிக்க ஒண்ணுமில்ல.

## 11. ஏற்கனவே கலந்துபோச்சுன்னா

முதல்ல புஷ் பண்றத நிறுத்துங்க. ரெபோவ அழிக்காதீங்க, ஹிஸ்டரிய திருத்தாதீங்க, பயத்துல அழிச்சா மறைச்ச மாதிரி ஆயிரும், உங்க பக்கத்து ஆதாரமும் சேர்ந்து போயிரும்.

லாக எடுத்து ஒவ்வொரு கமிட்டையும் மூணா பிரிங்க: சேர்றதுக்கு முன்னாடி எழுதுனது, சேர்ந்த பிறகு சொந்தமா எழுதுனது, ஆபீஸ் கோட்ல இருந்தோ ஆபீஸ் நேரத்துலயோ வந்தது. மூணாவதுல க்ளையன்ட் கோட் ஒரு வரி இருந்தாலும் ரெபோவ உடனே ப்ரைவேட் ஆக்கிட்டு வக்கீல்ட்ட போயிட்டு அப்புறம் கம்பெனிட்ட போங்க. மத்தபடி 6-வது ஸ்டெப் மெயிலையே அனுப்பலாம், "ஆரம்பிக்க இருக்கிறேன்"ங்கறத "இந்தத் தேதியில் ஆரம்பித்தேன்"னு மாத்தி, இருக்குறத இருக்குறபடி எழுதி. தானா வந்து சொல்றவர்ட்ட கம்பெனி பேசுற தொனியும் ஆடிட்ல மாட்டுனவர்ட்ட பேசுற தொனியும் ஒண்ணா இருக்காது.

## 12. வேலைய விடும்போது

நோட்டீஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே கிட்ஹப் அக்கவுன்ட்ல ப்ரைமரி மெயில், ரெக்கவரி மெயில், ரெண்டாம் கட்ட லாகின் நம்பர் எதுவும் ஆபீஸோடதா இல்லாம மாத்திருங்க. ஆபீஸ் சிம்முக்கு ஓடிபி போற மாதிரி வச்சுட்டு சிம்ம ஒப்படைச்சவங்க சொந்த ரெபோக்குள்ள போக முடியாம நிப்பாங்க. கம்பெனியே உருவாக்கிக் குடுத்த கிட்ஹப் அக்கவுன்ட்னா அது உங்களோடதே இல்ல, வெளிய போற அன்னைக்கு மூடிருவாங்க.

எக்ஸிட் ஃபார்மாலிட்டில ஒரு டிக்ளரேஷன் வரும். ஃபுல் அண்ட் ஃபைனல் பணம் வரணுமேன்னு படிக்காம கையெழுத்து போடாதீங்க, "வேலைக் காலத்தில் உருவாக்கிய அனைத்தும் கம்பெனிக்கே"ன்னு புதுசா ஒரு வரி அதுல இருந்தா நீங்க 6-வது ஸ்டெப்ல வாங்குன லெட்டர அதுவே அடிச்சுரும். அந்த வரிக்குப் பக்கத்துல "இன்ன தேதி லெட்டரில் குறிப்பிட்ட ப்ராஜெக்ட் நீங்கலாக"ன்னு எழுதி, லெட்டர் காப்பிய பின் அடிச்சு, கையெழுத்தான காப்பி ஒண்ணு கைல வாங்கிக்கிட்டு வாங்க.